‘வேண்டாம்’ எங்கே போய்ச் சேர்கிறது?

தெரியாத நம்பரிலிருந்து போன் வருகிறது. எடுத்து ‘ஹலோ’ என்கிறோம், சத்தமில்லை. இன்னொரு ‘ஹலோ’. அதற்கும் இல்லை. வைத்துவிடலாம் என்று விரல் போகும் நேரத்தில் பின்னால் சந்தைக்கடை இரைச்சல் கேட்கிறது, அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல்: ‘சார் வணக்கம், ஒரு ரெண்டு நிமிஷம் பேசலாமா?’

அந்த இரண்டு நொடி மௌனத்துக்குக் காரணம் உண்டு. நம்மைக் கூப்பிட்டது அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் இல்லை, டயலர் என்கிற மென்பொருள். அது ஒரே சமயத்தில் பல நம்பர்களைப் போட்டுப் பார்க்கும். யார் எடுக்கிறார்களோ அவர்களை, அந்த நேரத்தில் சும்மா இருக்கும் ஊழியரிடம் தள்ளிவிடும். நாம் எடுத்ததை அது உறுதி செய்துகொண்டு, ஆள் தேடி, இணைப்பதற்குள் நாம் இரண்டு ஹலோ சொல்லிவிடுகிறோம். திரையில் நம் பெயர் வந்த பிறகுதான் நாம் யார் என்றே அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது. ‘போன வாரம்தானேம்மா வேண்டாம்னு சொன்னேன்?’ என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை. போன வாரம் பேசியது வேறு யாரோ.

இதெல்லாம் எனக்கு அக்கா மகள் மூலம் தெரிந்தது. பி.காம் முடித்த கையோடு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு டெலிகாலிங் ஆபீசில் சேர்ந்தாள். ஒரு வங்கியின் பெர்சனல் லோனை விற்றுக்கொடுக்கும் ஏஜென்சி அது. வங்கியின் ஊழியர்கள் இல்லை, ஆனால் வங்கியின் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள். ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்தால் போன் கால் மேல் கால் விழுந்துகொண்டே இருக்கும். ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் இருக்கிற சில நொடியில், முடிந்த கால் என்ன ஆயிற்று என்று திரையில் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ‘டிஸ்போஸ் பண்றது’ என்பார்கள். பட்டியலில் என்னென்ன இருக்கும் என்று கேட்டேன். இன்ட்ரஸ்டட், நாட் இன்ட்ரஸ்டட், கால் பேக், பிஸி, ஆர்.என்.ஆர். (மணி அடித்தது, எடுக்கவில்லை), ராங் நம்பர், லாங்குவேஜ் பேரியர். கடைசியில் டி.என்.சி., அதாவது இனிமேல் இந்த நம்பரைக் கூப்பிடாதே.

‘அப்போ வேண்டாம்னு சொன்னா டி.என்.சி. போட்டுடுவீங்களா?’

‘இல்ல மாமா, அதுக்கு நாட் இன்ட்ரஸ்டட்தான். அது அடுத்த மாச லிஸ்ட்ல திரும்ப வரும். டி.என்.சி. நிறைய போட்டா டேட்டாவை வேஸ்ட் பண்றேன்னு டீம் லீடர் கத்துவாரு.’

எனக்கு அதுவரை இருந்த கோபம் அந்த இடத்தில் திசை மாறியது. நாம் தெளிவாகத்தான் சொல்கிறோம், எதிரில் இருப்பவருக்கும் காது கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆபீசில் ‘வேண்டாம்’ நிரந்தரமாகப் போய்த் தங்குவதற்கு இடமே கிடையாது. அவர்கள் கணக்கில் அது இந்த மாதத்து ‘வேண்டாம்’ மட்டும்தான். கல்யாணப் பந்தியில் இலைக்கு மேல் கையை விரித்துப் போதும் போதும் என்றாலும் ஒரு கரண்டி சாம்பார் விழுகிற மாதிரி, மறுப்பு என்பதே உபசாரத்தின் ஒரு கட்டம் என்று வைத்துத்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

நாமும் அதற்கு இடம் கொடுக்கும்படியாகத்தான் பேசுகிறோம். வேண்டாம் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துவது நம்மில் பலருக்கு வாயில் வராது. கூடவே ஒரு காரணம் வந்துவிடும். ‘இப்ப மீட்டிங்ல இருக்கேன்’ என்றால் அது கால் பேக், மாலை நாலு மணி. ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்றால் நாளைக்கு. ‘இப்போதைக்குத் தேவையில்லைங்க’ என்றால் அடுத்த மாதம். ‘வட்டி ரொம்ப ஜாஸ்தியா இருக்கே’ என்று வாய் தவறிச் சொன்னால் தீர்ந்தது, நீங்கள் இன்ட்ரஸ்டட். வட்டியைக் குறைத்துப் பேசக்கூடிய சீனியர் ஒருவருக்கு உங்கள் நம்பர் போய்விடும். ‘ஏற்கெனவே ஒரு லோன் இருக்குங்க’ என்று தப்பிக்கப் பார்த்தால் அதற்கும் பதில் ரெடி: ‘அதை டேக் ஓவர் பண்ணி டாப் அப் கொடுக்கலாம் சார்.’ இந்தப் பதில்கள் எல்லாம் அவள் மேஜையில் லேமினேட் செய்து ஒட்டியிருந்தனவாம். ‘கஸ்டமர் இப்படிச் சொன்னால், நீங்கள் இப்படிச் சொல்லுங்கள்’ என்று.

‘ஏன் சார் வேண்டாம்? ரீசன் மட்டும் தெரிஞ்சுக்கலாமா?’ என்பதுதான் இருப்பதிலேயே சமர்த்தான கேள்வி. கேட்பதற்கு எவ்வளவு பணிவாக இருக்கிறது! ஆனால் காரணத்தைச் சொன்னதும் பேச்சு நீங்கள் வேண்டாம் என்றதைப் பற்றியது இல்லாமல், அந்தக் காரணம் சரியா என்பதைப் பற்றியதாக ஆகிவிடும். ஆகவே நான் காரணம் சொல்வதில்லை. ‘வேண்டாங்க. என் நம்பரை டி.என்.சி.ல போட்டுடுங்க.’ அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுகிறேன். அந்த மூன்று எழுத்துக்கு ஒரு பலன் இருக்கிறது, எதிரில் இருப்பவருக்கு நாம் விவரம் தெரிந்த ஆள் என்று பட்டுவிடும். போடுவார்களா என்பது அவரவர் டீம் லீடரைப் பொறுத்தது.

பட்டென்று வைப்பது மரியாதையில்லை என்று தோன்றலாம். இதை அவளிடமே கேட்டேன். சிரித்தாள். ‘சட்டுனு வேண்டாம்னு சொல்லி வைக்கிறவங்கதான் மாமா எங்களுக்கு நல்லவங்க. பத்து நிமிஷம் ஈ.எம்.ஐ. எல்லாம் கணக்குப் போட வெச்சிட்டு, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்னு சொல்வாங்க பாருங்க, அவங்களைத்தான் தாங்க முடியாது.’ திட்டுகிறவர்களைப் பற்றி அவள் அதிகம் சொல்லவில்லை. கெட்ட வார்த்தை, ‘உன் சொந்த நம்பரைக் குடு, ராத்திரி பேசலாம்’, இதெல்லாம் தினசரி உண்டு என்று மட்டும் சொன்னாள். டெலிகாலரைக் கலாய்த்துப் பதிவு செய்து இணையத்தில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. திட்டுக்கென்று அந்தப் பட்டியலில் ஒரு கட்டம் கிடையாது. திட்டியவர்களும் நாட் இன்ட்ரஸ்டட்தான், அடுத்த மாதம் இன்னொரு பெண் திட்டு வாங்குவாள்.

எனவே ‘வேண்டாம்’ என்பதைச் சொல்ல வேண்டிய இடம் வேறு.

நம் நாட்டில் இதற்கான சட்ட வேலை 2005-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு பொதுநல வழக்கிலிருந்து சூடு பிடித்தது. 2007-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிகள் கொண்டுவந்தது, தேசிய ‘டூ நாட் கால்’ பதிவேடு பிறந்தது. அதில் பதிந்துகொண்டவர்களுக்கும் போன் நிற்கவில்லை. 2010-ல் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி எதிர்க்கட்சித் தலைவர்களோடு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, வீட்டுக் கடன் வேண்டுமா என்று அவருக்கே போன் வந்தது பத்திரிகைகளில் பெரிய செய்தியானது. நாட்டின் கஜானா சாவியை வைத்திருந்தவரிடம் கடன் வேண்டுமா என்று கேட்டார்கள்! அதே ஆண்டு டிசம்பரில் டிராய் புதிய, கடுமையான விதிகளை வெளியிட்டது. அவை முழுமையாக அமலுக்கு வந்தது 2011 செப்டம்பர் 27-ல். பதிவு பெற்ற டெலிமார்க்கெட்டர்கள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் கூப்பிட வேண்டும் என்ற ஏற்பாடு அந்தக் காலத்தில் வந்ததுதான். எடுப்பதற்கு முன்பே இது விற்பனைப் போன் என்று நமக்குத் தெரியட்டும் என்பது எண்ணம்.

தெரிந்தால் யார் எடுப்பார்கள்? தொழில் அங்கேதான் நழுவியது. 140-ஐ விட்டுவிட்டு சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். சொந்தக்காரர் எண் மாதிரியே இருக்கும், கூரியர்காரர் என்று நினைத்து எடுத்துவிடுவோம். 2018-ல் விதிகள் மறுபடி மாற்றப்பட்டன. 2024 ஆகஸ்டில், பதிவு பெறாமல் விளம்பரப் போன் செய்பவர்களின் இணைப்புகளைத் துண்டித்து இரண்டு ஆண்டுகள் கறுப்புப் பட்டியலில் வைக்கும்படி டிராய் எல்லாத் தொலைபேசி நிறுவனங்களுக்கும் உத்தரவு போட்டது. அடுத்த சில வாரங்களிலேயே 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாக அரசே அறிவித்தது. அந்த எண்ணிக்கையைப் படித்தபோது எனக்குச் சந்தோஷத்தை விட மலைப்புதான் வந்தது.

நம் கையில் இருப்பது 1909. உங்கள் மொபைலிலிருந்து ‘ஸ்டார்ட் 0’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எல்லா வகை விளம்பரத்துக்கும் தடை. டி.என்.டி. (டூ நாட் டிஸ்டர்ப், தொந்தரவு செய்யாதே) பதிவு என்பது இதுதான். கடன், வங்கி, காப்பீடு மட்டும் வேண்டாம், மனை விளம்பரம் வரட்டும் என்றால் அப்படியும் வகை பிரித்துத் தேர்ந்தெடுக்கலாம். அப்படி ஆசைப்படுகிறவர்களை நான் இதுவரை சந்திக்கவில்லை. அதன் பிறகும் வருகிற போனுக்குப் புகார் கொடுக்கலாம். 1909-க்கே எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், டிராயின் டி.என்.டி. செயலி இருந்தால் இன்னும் சுலபம். கால் லாகில் அந்த எண்ணைத் தொட்டு, எதை விற்றார்கள் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. இந்தச் செயலியைத் தன் போனில் அனுமதிப்பது பற்றி ஆப்பிளும் டிராயும் நீண்ட நாள் முறைத்துக்கொண்டிருந்து, 2018 கடைசியில்தான் ஐபோனுக்கு அது வந்தது.

2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்தைப் பலர் கவனிக்கவில்லை. புகார் கொடுக்க முன்பு மூன்று நாள் அவகாசம், இப்போது ஏழு. பதிவு பெறாத ஆள் கூப்பிட்டிருந்தால், நீங்கள் டி.என்.டி.யில் பதிந்திருக்காவிட்டாலும் புகார் செல்லும். அப்படிப்பட்ட ஆள் மேல் நடவடிக்கை எடுக்கத் தொலைபேசி நிறுவனத்துக்கு முன்பு 30 நாள் இருந்தது, இப்போது ஐந்து நாள். நடவடிக்கை தொடங்க முன்பு ஏழு நாளில் பத்துப் புகார்கள் சேர வேண்டும், இப்போது பத்து நாளில் ஐந்து சேர்ந்தால் போதும்.

அந்த ஐந்து என்ற எண்ணில்தான் என் கவனம் நிற்கிறது. ஒரு சிம்மிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைக் கூப்பிடுகிறார்கள். அவர்களில் ஐந்து பேர் பத்து நாளுக்குள் புகார் கொடுத்தால் அந்த எண்ணுக்குச் சிக்கல். முதல் முறை என்றால் வெளியே கூப்பிடும் வசதி 15 நாளைக்கு முடக்கம், திரும்பச் செய்தால் இணைப்பே போகும். ஆனால் நாம் செய்வது பிளாக். பிளாக் பண்ணினால் நமக்கு மட்டும்தான் அமைதி, அந்த சிம் தன் வேலையைத் தொடரும்.

இத்தனைக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது, அது நாமே போட்டது. காப்பீட்டு விலையை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தளத்துக்குப் போகிறோம், வீடு வாடகைக்குத் தேட இன்னொன்று. நம்பரைக் கொடுத்தால்தான் அடுத்த பக்கம் வரும். கீழே பொடி எழுத்தில், ‘நான் டி.என்.டி.யில் இருந்தாலும் என்னை அழைக்கச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு கட்டம் ஏற்கெனவே டிக் ஆகி நிற்கும். வெளிப்படையாகக் கொடுத்த சம்மதம் டி.என்.டி.யை மீறும். ஒப்பிட்டுப் பார்த்தது ஒரே ஒரு தடவையாக இருந்தாலும் அந்த ஒரு டிக் மாதக்கணக்கில் நம் பின்னால் வரும். புதிய திருத்தப்படி, சம்மதத்தை நாம் விலக்கிக்கொண்டால் 90 நாளைக்கு மறுபடி கேட்கக்கூடாது. தி.நகர் ஜவுளிக்கடை பில் கவுண்டரில் ‘போன் நம்பர் சொல்லுங்க சார்’ என்கிறார்களே, கட்டாயப்படுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023-லேயே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ‘நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பையன் தோளைக் குலுக்கிக்கொண்டு பத்து ஒன்பதுகளை அடித்துவிட்டு பில் கொடுத்துவிடுவான். தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-ல் வந்தது, சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ விலக்குவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. விதிகள் வெளியானது 2025 நவம்பரில், முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். கடைகளும் தளங்களும் இப்போதைக்கு நிம்மதியாகத்தான் இருக்கின்றன.

சொந்த வங்கி விஷயம் தனி. நம் கணக்கு அங்கே இருப்பதால் ‘இது சர்வீஸ் கால் சார்’ என்று ஆரம்பிக்கலாம். கே.ஒய்.சி. சரியா, முகவரி அதேதானா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மூன்றாவதாக ‘உங்களுக்கு ஒரு ப்ரீ அப்ரூவ்டு லோன் இருக்கு’ என்று வழுக்கிக்கொண்டு வருவார்கள். இந்த வழுக்கலுக்கு எதிராகத்தான் ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டது: கணக்கு சம்பந்தமான போன் 1600 என்ற எண் வரிசையில், விற்பனைப் போன் 140 வரிசையில். பல வங்கிகளின் இணையதளத்தில் ‘டூ நாட் கால்’ பதிவுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, தேடினால்தான் கிடைக்கும். தேடிப் பதிந்துவிட்டு, கிளை மேலாளருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவைப்பது நல்லது. எழுத்தில் இருந்தால் பின்னால் வங்கிப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேன் வரை போக வேண்டி வந்தாலும் கையில் ஆதாரம் இருக்கும். கேட்காமலே கிரெடிட் கார்டு அனுப்பிக் கட்டணமும் போட்டால், அந்தத் தொகையைத் திருப்பித் தருவதோடு அதன் இரு மடங்கை அபராதமாகவும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. ‘கார்டு மட்டும் வாங்கி வெச்சுக்கோங்க சார், யூஸ் பண்ணவே வேண்டாம்’ என்கிறவர்களிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் குரல் தணியும்.

அம்மா கும்பகோணத்தில் இருக்கிறாள். அவள் போன் எடுக்கும் முறை வேறு.

‘மேடம், ஹெல்த் இன்சூரன்ஸ் விஷயமா பேசுறோம்.’

‘ஏம்மா, எந்த ஊரு நீ?’

‘மேடம்… செய்யாறு பக்கம் மேடம்.’

‘சாப்டியா? மணி ரெண்டாச்சே, குரலே கம்மிப் போயிருக்கு.’

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பிரீமியத்தைப் பற்றிச் சொல்ல, அம்மா அவள் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்க, அந்தப் பெண் கேஷ்லெஸ் என்க, அம்மா ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்க, கடைசியில் வைத்துவிட்டது அந்தப் பெண்தான். அம்மாவுக்கு ஒன்றும் விற்க முடியவில்லை. ஆனாலும் எனக்குப் பயம் இருந்தது, ஏனென்றால் அவள் வயதுக்காரர்களைத் தேடி வருவது இந்த மாதிரிப் பெண்கள் மட்டும் இல்லை. ‘உங்க வீட்டுக்காரர் பழைய பாலிசியில போனஸ் நிக்குது, புதுசா ஒரு பாலிசி போட்டா ரிலீஸ் ஆகும்’ என்று ஒரு கூட்டம் அலைகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பேசுகிறேன் என்றே சொல்வார்கள். அந்த ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் அறிவிப்பதும் இல்லை என்று பலமுறை பத்திரிகைகளில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. யாராவது ஏமாந்து உண்மையான பாலிசி ஒன்றையே எடுத்துவிட்டாலும், பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து, சில பிடித்தங்கள் போக மீதிப் பணத்தை வாங்கிவிடலாம். பணமே மோசடியில் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும், 1909-க்கு இல்லை. ‘பாட்டி, பணம்னு யார் பேசினாலும் மகன்கிட்ட பேசுங்கன்னு சொல்லி மாமா நம்பரைக் குடுத்துடுங்க’ என்று அக்கா மகள்தான் அம்மாவுக்குப் பழக்கிவைத்தாள். சொன்ன நம்பர் என்னுடையது.

இப்போது எனக்கு மீதி இருக்கும் வம்பு ஒரு மனை கம்பெனி. திண்டிவனம் சாலையில் டி.டி.சி.பி. அப்ரூவ்டு ப்ளாட், ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட், வண்டி அவர்களே அனுப்புவார்களாம், மதியச் சாப்பாடும் உண்டு. டயலர் எதுவும் கிடையாது. ஒரு ஹாலில் பத்துப் பதினைந்து பையன்கள், ஆளுக்கு ஒரு போன், ஒரு எக்செல் பிரிண்ட் அவுட். ‘போன தடவையே வேண்டாம்னு சொன்னேனே தம்பி’ என்றால், ‘அவரு வேலையை விட்டுப் போயிட்டாரு சார், நான் புதுசு’ என்கிறான். பொய்யில்லை, நிஜமாகவே புதுசு. ஆள் போகும்போது அவனிடம் சொன்ன ‘வேண்டாம்’ எல்லாம் அவனோடு போய்விடுகிறது, லிஸ்ட் மட்டும் அடுத்தவன் கைக்கு வருகிறது. பழைய லிஸ்டைப் புதுப் பையனுக்குக் கொடுத்துத்தான் பழக்குவார்கள் போலிருக்கிறது.

ஒவ்வொரு நம்பருக்கும் புகார் போட்டுவருகிறேன். ‘விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. எங்கள் அடுக்ககத்தில் எல்லோருக்கும் இதே கம்பெனியிலிருந்து போன் வருவது வாட்ஸாப் குழுவில் தெரியவந்தது. நம்பரைப் போட்டு, ‘பிளாக் பண்ணாதீங்க, முதல்ல 1909-ல புகார் போடுங்க, பத்து நாளைக்குள்ள அஞ்சு பேர் வேணும்’ என்று எழுதினேன். மூன்றாவது மாடி சார் உடனே கட்டைவிரல் காட்டினார், கீழ்வீட்டு அம்மா செயலி எப்படி இறக்குவது என்று கேட்டார், செயலாளர் மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எப்படி இருக்கும் என்று விசாரித்தார். புகார் போட்டவர்கள் இப்போது நாலு பேர். செயலாளரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.